முடிவில்லாத கம்பி

“ஏன் மாஸ்ரர், புத்தகத்திலை கிடக்கிறதை அப்பிடியே சொல்லிக் குடுத்தால் உங்கடை நாக்கு அழுகிப் போடுமோ?”

“அக்கா, புத்தகத்திலை என்ன கிடக்கெண்டு தெரியுமோ? முடிவில்லாத நீளத்திலை ரண்டு கம்பியாம். காத்தே இல்லாத இடத்திலை ஒரு மீற்றர் தள்ளிப் பிடிக்கவேணுமாம். கரண்ட் ஓடேக்கை ஒண்டையொண்டு இவ்வளவு விசையோடை இழுத்தால் அதுதான் ஒரு அம்பியராம். குருநகரிலை ஒரு முழக் கம்பியிலையாவது கரண்ட் ஓடுதோ?”

“கரண்டை நீங்கள் வைச்சிருங்கோ. என்ரை பிள்ளைக்கு மார்க்ஸ் வேணும்!”

யுத்தத்தால் யாழ்ப்பாணமே கரண்ட் இல்லாமல் கிடந்த 1993ஆம் ஆண்டு. ரியூசன் வகுப்பு நடக்கும் ரியூட்டறிக் கொட்டில் வாசலில் நின்று சத்தம் போட்டவர் இராசாத்தியின் தாய் லூர்த்தம்மா. கேட்டுக்கொண்டு நின்றவர் பௌதிகம் படிப்பிக்கும் வின்சன்ற். முன்னோடிப் பரீட்சையில் அம்பியரை வரையறுக்கச் சொன்ன கேள்விக்கு, வின்சன்ற் சொல்லிக்கொடுத்ததை எழுதி இராசாத்தி பூச்சியம் வாங்கியிருந்தாள். பல்கலைக்கழகத்துக்கான உண்மையான சோதனை திங்கட்கிழமை. ஒரு மார்க் குறைந்தாலே கம்பஸ் கைவிட்டுப் போகிற காலம்.

யாருமே செய்துபார்க்க முடியாத ஒன்றைப் பிள்ளைகளுக்குச் சோறுபோலத் தீத்த வின்சன்றுக்கு மனம் வரவில்லை. அதனால் முன்னோடிப் பரீட்சைக்கு முன்னமே, பண்டத்தரிப்புத் தோட்டக்காரர் ஒருவரிடம் பயிருக்கு அடித்து மிஞ்சிக் கிடந்த செப்பு உப்பான மயில்துத்தத்தை வாங்கிக் கரைத்தார். இரண்டு செப்புத் தகடுகளை அதில் அமிழ்த்தி, பழைய கார் பற்றறியில் கிடந்த கடைசிக் கரண்டை ஓடவிட்டார். ஒரு தகட்டில் செம்பு படிந்தது. தட்டாரின் தராசில் நிறுத்தார்கள். “ஒரு செக்கனிலை இவ்வளவு செம்பைப் படிய வைக்கிற கரண்டுதான் ஒரு அம்பியர்” என்றார். வகுப்பு முழுக்க விளங்கிச் சிரித்தது.

பரீட்சை விடைத்தாள் திருத்தியவருக்கு அது விளங்கவில்லை. சிவப்புக் கோடு.

“நாளைக்கு வெப்பநிலையையும் கேத்திலுக்குள்ளை போட்டு அவிச்சுக் குடுங்கோ” என்றார் லூர்த்தம்மா.

“கேத்திலிலை எண்டாலும் தொட்டுப் பாக்கலாம் அக்கா. உந்தக் கம்பியை ஆர் தொட்டது?”

தாய்க்குப் பின்னால் நின்ற இராசாத்தி மெல்லக் கேட்டாள்: “சேர், திங்கக்கிழமை நான் எதை எழுத? கம்பிக் கதையைப் பாடமாக்கிப்போட்டன். ஆனால் செம்புதான் விளங்கினது.”

வின்சன்ற் திரும்பி, பலகையில் கம்பிக் கதையை ஒரு சொல்லும் விடாமல் எழுதினார். ஒவ்வொரு எழுத்துக்கும் பல்லைக் கடித்தார்.

“இதையே எழுது பிள்ளை.”

“அப்ப செம்பு பிழையோ, சேர்?”

“பிழையில்லை.”

“அப்ப ஏன்?”

“இப்பத்தான் மாஸ்ரருக்குப் புத்தி வந்திருக்கு. வா பிள்ளை” என்று லூர்த்தம்மா மகளை இழுத்துக்கொண்டு போனார். அந்த ‘ஏன்’ கொட்டிலுக்குள்ளேயே கிடந்தது.

இதை வாசிக்கிறவர்களில் படிப்பித்தவர்கள் இருப்பீர்கள், பாடமாக்கியே பாஸானவர்களும் இருப்பீர்கள். அந்தப் பிள்ளைக்கு அவர் என்ன சொல்லியிருக்க வேண்டும்? தயவுசெய்து கீழே பதில் எழுதுங்கள்.