ஹிமாயா கீறிய சுவர்

மேசைக்கொரு பிரிஸ்டல் போர்ட் அட்டையும் நான்கு மார்க்கர் பேனைகளும் வந்தன. "உங்கட கனவு வகுப்பறையக் கீறுங்க. காசப் பத்தி யோசிக்க வேணாம்" என்றார் ஆசிரியர் பயிற்சிச் செயலமர்வை நடத்த வந்தவர். கல்முனையிலிருந்த அந்த மண்டபம் முழுக்க ஆசிரியர்கள் சிரித்தார்கள்.

ஹிமாயா சிரிக்கவில்லை. கைப்பைக்குள் இருந்த இடமாற்ற விண்ணப்பத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். சம்மாந்துறைக்கும் அப்பால், வயல் முடிந்து காடு தொடங்கும் இடத்திலுள்ள பள்ளியில் அவள் விஞ்ஞானம் படிப்பிக்கத் தொடங்கி ஒன்பது வருடம். ஐந்து வருடத்தில் விடுவதாகச் சொல்லித்தான் அனுப்பினார்கள். இரண்டு முறை இடமாற்றம் கிடைத்தது. இரண்டு கடிதத்திலும் 'பதிலாள் வந்ததும் விடுவிக்கப்படுவார்' என்று ஒரு வரி இருந்தது. பதிலாள் வரவில்லை.

மருதமுனையில் அவள் காலை ஐந்தேகாலுக்கு வீட்டை விட்டு இறங்கும்போது மகள் சஹ்லா தூக்கத்தில் இருப்பாள். வரும் ஜனவரியில் சஹ்லா முதலாம் ஆண்டு. வெள்ளைப் பர்தாவைத் தன் கையால் போட்டுவிட்டு அவளைப் பள்ளிக்குக் கூட்டிப்போக வேண்டும். ஹிமாயா கேட்டது அவ்வளவுதான். இடமாற்றக் குழுவின் அதிகாரி பின்னேரம் படங்களைப் பார்க்க வருவார் என்று சொல்லியிருந்தார்கள்.

பக்கத்துக் கதிரையில் றுக்ஸானா. அவளும் ஒரு விண்ணப்பத்தோடுதான் வந்திருந்தாள். ஏசி, ஸ்மார்ட் போர்ட், பிள்ளைக்கொரு டெப் கணினி என்று கீறிக்கொண்டே போனாள்.

"என்னகா பாத்துக்கிட்டிரிக்காய்? கனவு காணவும் பதிலாள் வரணுமா?"

"எனக்கு ஒண்டும் வருகுதில்ல."

"பொய்யக் கீறன். எல்லாரும் அதத்தானே கீறுறாங்க."

ஹிமாயாவுக்குப் பொய் வரவில்லை. கண்டதைக் கீறு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லியே பழகியவள். தன் பள்ளி மண்டபத்தைக் கீறினாள். ஆறும் ஏழும் எட்டும் ஒரே கூரைக்குக் கீழே. இவள் மகரந்தச் சேர்க்கை சொல்லும்போது அடுத்த வகுப்பு ஆங்கிலப் பாடத்தைக் கூவும். மழை வந்தால் தகரத்தில் எல்லாக் குரலும் செத்துப்போகும். யானை இறங்கிய இரவுக்கு மறுநாள் யார் யார் வரமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கதிரைகளை வெறுமையாகக் கீறினாள். கடைசியில் சிவப்பு மார்க்கரை எடுத்து, ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே ஒரு சுவரை எழுப்பினாள்.

அதிகாரி வந்தார். ஏசிகளையும் டெப்களையும் கடந்து வந்து அவளிடம் நின்றார்.

"ஒரு சுவர் மட்டும்தானா டீச்சர்?"

"ஓம் சேர்."

"இந்தக் கதிரையெல்லாம் ஏன் வெறுமையா இரிக்கி?"

அவள் சொன்னாள்.  அவர் படத்தை உயர்த்திப் பிடித்து மண்டபத்துக்குக் காட்டினார். கைதட்டல் எழுந்தது. இதுதான் நேரம் என்று ஹிமாயா விண்ணப்பத்தை நீட்டினாள். அவர் அதை வாசித்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இந்தப் புள்ளைகள இவ்வளவு தெரிஞ்ச ஒராள எடுத்துப்போட்டு நான் ஆர அங்க அனுப்புற?"

"மகள் முதலாம் ஆண்டு சேர்."

"வாப்பா கூட்டிப்போவாருதானே. சுவரப் பத்தி நான் கதைக்கிறன்."

விண்ணப்பத்தின் மூலையில் எழுதினார்: 'சேவையின் தேவை கருதி அனுமதிக்கப்படவில்லை.'

தேநீருக்கு நிற்கும்போது றுக்ஸானா தன் தாளைக் காட்டினாள். கையெழுத்து இருந்தது. "என்ட ஏசியப் பாத்தாரு. 'உங்கள எங்க போட்டாலும் ஒண்டுதான்' எண்டுட்டு வெச்சிட்டாரு." சிரிக்கத் தொடங்கியவள், ஹிமாயாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "சொன்னேனே கா, பொய்யக் கீறெண்டு."

டிசம்பரில் சுவர் வந்தது. இடுப்பளவு எழும்பியதும் கல் முடிந்துவிட்டது. மேசன்மார் திரும்பி வரவில்லை.

ஜனவரியில் சஹ்லாவின் முதல் நாளன்று, கணவன் முர்ஷித் ஒரு படம் அனுப்பினான். சிக்னல் கிடைக்கும் மூலையில், அந்தச் சுவரில் சாய்ந்து நின்று ஹிமாயா அதைத் திறந்தாள். பள்ளி வாசலில் சஹ்லா. பர்தா ஒரு பக்கமாக இழுபட்டு, ஒரு காது வெளியே தெரிந்தது. ஹிமாயா விரலால் அதை நேராக்கப் போனாள். படம்தான் பெரிதாகியது.

சுவருக்கு மேலால் ஏழாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தைக் கூவத் தொடங்கியது.