பெட்டி மட்டும் வந்தது

பெட்டி வந்திருக்கிறது, ஆள் வரவில்லை. இதைத்தானே சொன்னேன்? இதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னேனா? தொப்பியின் நாடாவைத் தாடைக்கடியில் முடிந்துகொண்டே ஹல்டா அந்த வாக்கியத்தை மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். எப்படிச் சொன்னாலும் அது மாறவில்லை. மாறித் தொலைத்தால் நன்றாயிருக்குமே என்று ஒரு கணம் நினைத்ததும் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

கட்டிலில் அவள் கணவர், கீழவை உறுப்பினர் எஸ்ரா வின்ஷிப் கிடந்தார். இடது கண் இருந்த இடத்தில் இப்போது பஞ்சும் துணியும். வலது கை விரல்களை மரச்சிம்பு வைத்துக் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் நாற்காலியில், தொப்பியை முழங்கால்மேல் கவிழ்த்துக்கொண்டு ஜட்ஜ் ஆல்ட்ரிட்ஜ் உட்கார்ந்திருந்தார். ஜட்ஜ் என்பது பழைய பட்டம்; கீழவையில் எஸ்ராவின் கட்சிக்காரர்களைக் கட்டி மேய்ப்பவர் அவர்தான். விடுதி வாசலில் அவருடைய வண்டி நின்றது. அதில் ஏறி, மன்றத்தில் விசாரணைக் குழுவின் முன்னால் போய் ஹல்டா ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும்: கர்னல் டாப்னி ஊர் திரும்பிவிட்டார் என்று கணவரிடம் தவறாகச் சொன்னது தான்தான் என்று.

அந்தக் குளிர்காலத்தில் கீழவை, அடிமை முறையை எதிர்த்த வடக்கத்திக்காரர்கள் கையில் மயிரிழையில் இருந்தது. மேலவை, அடிமைகளை வைத்து வாழ்ந்த தெற்கத்திக்காரர்களின் பிடியில். இங்கே பிறந்த மசோதாவை அங்கே கழுத்தை நெரித்தார்கள், அங்கே பிறந்ததை இங்கே. ஒரு சபாநாயகரைத் தேர்ந்தெடுக்கவே வாரக்கணக்காயிற்று. முதலில் வாயால் அடித்துக்கொண்டார்கள், பிறகு கையால். ஒருமுறை ஹல்டா பார்வையாளர் மாடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இரண்டு பேர் மேஜைகளுக்கிடையில் கட்டிப் புரண்டார்கள். ஒருவர் மற்றவரின் காதைக் கடித்துத் துப்பினார். யாருடைய கோட்டிலிருந்தோ ஒரு துப்பாக்கி தரையில் விழுந்தது. அந்த ஓசையில் சபை மொத்தமும் எழுந்து நின்றது. அத்தனை கைகளும் கோட்டுக்குள் போயின. 

அவர்கள் தங்கியிருந்த விடுதியிலும் மேஜைக்கு ஒரு பக்கம் வடக்கு, மறுபக்கம் தெற்கு. விடுதிக்காரி மிசஸ் பிளம்மர் இறைச்சியைச் சமையலறையிலேயே துண்டுபோட்டு அனுப்பத் தொடங்கியிருந்தாள். "வெட்டற கத்தி என் சமையல்கட்டைத் தாண்டாது. யாருக்கு யாரை வெட்டணுமோ தெருவுல போய் வெட்டிக்கட்டும். மேஜைவிரிப்பு என்னோடது" என்று எல்லோர் முகத்துக்கு நேரேயும் சொல்லியிருந்தாள்.

இவ்வளவுக்கு நடுவிலும் ஒரு வழக்கம் மட்டும் சாகாமல் இருந்தது. அதற்கு ஜோடி என்று பெயர். ஒருவர் ஊரில் இல்லாதபோது, எதிர்க்கட்சியில் அவருக்கு ஜோடியான இன்னொருவரும் ஓட்டுப் போடமாட்டார். எழுத்தில்லை, சாட்சியில்லை. வாய்ச்சொல்தான். பொய்யன், திருடன், கொலைகாரன் என்று சபையில் ஏசிக்கொண்டவர்கள்கூட ஜோடியை மீறியதில்லை.

மேஜையின் தெற்குப் பக்கத்தில் உட்காரும் உறுப்பினர் கர்னல் டாப்னிக்கு மிசிசிப்பியிலிருந்து தந்தி வந்தது. மகளுக்குக் காய்ச்சல். பிழைப்பது கடினம். அன்று சாப்பாட்டு மேஜையில் அவர் குழம்புக் கிண்ணத்தைத் தாண்டிக் கையை நீட்டி, "நான் திரும்பி வர்ற வரைக்கும், வின்ஷிப்" என்றார். எஸ்ரா அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஹல்டா இருவருக்கும் நடுவே காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். மனிதரை விலைக்கு வாங்கும் கை அது என்று நினைத்தாள். ஆனாலும் மறுகையில் அவர் தந்தியை விடாமல் பிடித்திருந்ததையும் பார்த்தாள்.

மேற்கத்தி நிலங்களை உழுபவனுக்கே கொடுக்கும் மசோதா ஓட்டுக்கு வந்த நாளின் காலையில், கர்னலின் தோல்பெட்டி மட்டும் விடுதிக்கு வந்து சேர்ந்தது. முந்திய ரயிலில் அனுப்பியிருந்தார், தான் அடுத்த ரயிலில் வருவதாகச் சொல்லி. எஸ்ரா மாடிப்படியில் நின்று அந்தப் பெட்டியையே பார்த்தார்.

"டாப்னி வந்துட்டான் போல."

"பெட்டி வந்திருக்குங்க. ஆள் வரல. அடுத்த ரயில்லதான் வர்றாராம்."

எஸ்ரா படியிறங்கினார். கையுறையை மாட்டிக்கொண்டு மன்றத்துக்குப் போனார். மசோதா ஒரே ஒரு ஓட்டில் நிறைவேறியது. அந்த ஓட்டு அவருடையது. மேலவை அதைத் தொட்டவுடன் கொன்றுவிடும் என்பது தெருவில் பத்திரிகை விற்பவனுக்கும் தெரியும். அவருக்குத் தெரியாதா? மாலையில் கட்சிக்காரர்கள் அவரைத் தோளில் தூக்கி வந்தபோது ஹல்டா அவர் முகத்தைத் தேடினாள். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் காலை உணவின்போது கர்னல் நுழைந்தார். கையில் கறுப்புத் துணி கட்டியிருந்தார். பூட்ஸில் ரயிலடிச் சேறு. நேராகக் கணப்புக்குப் போய் இரும்புக் கோலை எடுத்தார்.

"என் பெட்டியைக் கேட்டுக்கிட்டுதான் ஓட்டுப் போட்டியாமே, வின்ஷிப்? அது என்ன சொல்லிச்சு? என் மக செத்துட்டான்னு சொல்லிச்சா?"

எஸ்ரா எழுந்திருக்கப் பார்த்தார். முதல் அடி மேஜையைப் பிடித்திருந்த விரல்கள்மேல் விழுந்தது. காய்ந்த சுள்ளி முறிவதுபோல் ஓர் ஓசை. இரண்டாவது முகத்தில். கஞ்சித் தட்டில் ஒரு பல் விழுந்தது. வடக்குப் பக்கத்தார் எழுந்தார்கள். தெற்குப் பக்கத்தில் ஒருவர் துப்பாக்கியை எடுத்து ரொட்டித் தட்டின் பக்கத்தில் மெதுவாக வைத்தார். எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள். கர்னல் அவசரமில்லாமல் அடித்தார். விறகு பிளப்பவனைப்போல், ஒவ்வோர் அடிக்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு. "நீ ஜோடி சேர்ந்தது என்கூடவா, என் பெட்டிகூடவா? சொல்லு" என்று கேட்டுக்கேட்டு அடித்தார். சொல்வதற்கு எஸ்ராவின் வாய் வாயாக இல்லை.

அப்போதுதான் ஹல்டா முள்கரண்டியை எடுத்தாள். யாரோ எடுத்ததுபோல்தான் இருந்தது. கர்னலின் தோளில் அதைக் குத்தினாள். பிடுங்கி மறுபடி குத்தினாள். துணி கிழிந்து, தசை வழிவிட்டு, எலும்பில் முள் வழுக்கியது. அதில் ஒரு சுகம் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கர்னல் அவளைத் திரும்பிப் பார்த்து, ஓர் ஈயை விரட்டுவதுபோல் தள்ளினார். பிறகு கோலைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து அழுதார்.

"அந்த முள்கரண்டி விஷயம் குழுவுக்கு வராது, அம்மா. டாப்னி பக்கத்து ஆளுங்களே வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டாங்க" என்று ஜட்ஜ் இப்போது சொன்னார். பிறகு கணக்கை விளக்கினார். டாப்னியைச் சபையிலிருந்து துரத்த அந்தப் பக்கத்திலும் சிலர் கை தூக்க வேண்டும். ஜோடியைத் தெரிந்தே மீறியவனுக்காக ஒருவனும் தூக்கமாட்டான். வின்ஷிப்பின் பெயரும் நாறிப்போகும், அடுத்த தேர்தலில் சொந்தக் கட்சியே கைவிடும். ஆனால் மனைவி சொன்னதை நம்பி ஏமாந்தார் என்றால் எல்லோரும் இரங்குவார்கள்.

"பெண்பிள்ளை, பெட்டியைப் பார்த்து ஆள்னு நினைச்சுட்டா. இதுல யாரு உங்களைக் குறை சொல்லப்போறா? சிரிச்சுட்டு மறந்துடுவாங்க."

எஸ்ரா நல்ல கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். கர்னல் தள்ளியதில் மேஜையில் இடித்து வீங்கியிருந்த மணிக்கட்டு. அவர் அதைக் கவனிக்கவில்லை. நெரித்தார்.

"நீதானே சொன்ன, ஹல்டா. அவன் வந்துட்டான்னு நீதானே சொன்ன?"

அந்த ஒற்றைக் கண்ணை அவள் பார்த்தாள். அதில் கெஞ்சல் இருந்தது. அதற்கடியில் இன்னொன்றும். அவர் அதை நம்பத் தொடங்கிவிட்டார். இன்னும் கொஞ்ச நாளில் அவருக்கு அதுதான் உண்மையாகிவிடும். பிறகு அன்று மாடிப்படியில் நின்று பெட்டியைப் பார்த்த எஸ்ராவை அறிந்தவள் அவள் ஒருத்திதான் இருப்பாள். நிலமில்லாதவனுக்காகப் போட்ட ஓட்டு என்று இத்தனை நாள் அவரோடு சேர்ந்து பெருமைப்பட முயன்றாள். நல்ல ஓட்டுதான். தனக்குச் சோறு போடும் அடிமைகளைச் சந்தையில் விற்றவன்தான் டாப்னி, அவன்மேல் இரக்கம் வரவில்லை. ஆனாலும் அன்று காலையில் அவள் சொன்ன சொல் அவளுடையது. முள்கரண்டி பிடித்த கையும் அவளுடையது. ஒன்றை மறைத்து, மற்றொன்றை மாற்றி, ஆண்கள் சிரித்து மறந்துவிடும் ஒரு முட்டாள் பெண்ணை அந்த இடத்தில் உட்காரவைக்கச் சொல்கிறார்கள்.

மணிக்கட்டை விடுவித்துக்கொள்ள இழுத்தாள். அவர் விடவில்லை. அவளும் மேலே இழுக்கவில்லை. வலி தோள்வரை ஏறட்டும் என்று விட்டுவிட்டாள். கடைசியில் அவர் விரல்கள்தான் தளர்ந்தன.

தொப்பியின் நாடாவை அவிழ்த்தாள். தொப்பியைக் கதவுக்குப் பின்னாலிருந்த ஆணியில் மாட்டினாள். தண்ணீர்க் கிண்ணத்தில் இருந்த துணியைப் பிழிந்து, கணவரின் உதட்டில் காய்ந்திருந்த ரத்தத்தைத் துடைக்கக் குனிந்தாள்.

"நேரமாகுது, அம்மா. குழு காத்திருக்கு" என்றார் ஜட்ஜ்.

"வண்டியைத் திருப்பி அனுப்பிடுங்க, ஜட்ஜ் ஐயா" என்றாள் ஹல்டா, துடைப்பதை நிறுத்தாமல்.