போகாத சாவு

உடம்பு நெருப்பாய்க் கொதிக்கும்போது, "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு நீங்கள் வேலைக்குப் போனதுண்டா? போயிருந்தால், சங்கீதாவைத் திட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசிப்பீர்கள்.

அன்று சாயங்காலம் கம்பெனியிலிருந்து வந்தவள், முகம்கூடக் கழுவாமல் குடத்தை எடுத்தாள். புருஷன் பரணிதரன் வாசற்படியில் குறுக்கே நின்றுகொண்டான்.

"எங்க போற?"

"தண்ணிக்கு. ஏன், நீ போறியா?"

"பட்டம்மா கொழாய்க்கு வந்துக்கீது. பொம்பளைங்க கத்திக்கினு இருக்காங்க. நீ போனா வாய வெச்சுக்கினு சும்மா இருக்க மாட்ட."

"என் வாய்ல இன்னா இருக்குது?"

"இன்னா இருக்குதுன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் ஆட்டோ ஓடி ரெண்டு மாசம் ஆவுது. அத நெனச்சிக்க."

அவன் சொன்னதில் பொய் இல்லை. ஆனாலும் அவனை ஒதுக்கிவிட்டு இறங்கி நடந்தாள்.

கொரோனா இரண்டாவது தடவை வந்த வருஷம் அது. ஆம்பூர்ப் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் சங்கீதா தையல் மிஷினில் உட்காருவாள். பக்கத்தில் நின்று தோலுக்குப் பசை தடவுகிறவள் பட்டம்மாள். புருஷனை இழந்தவள், பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே தெரு, ஒரே வேன்.

கம்பெனியில் ஒரு விதி போட்டிருந்தார்கள். லைனுக்குள் ஒருத்திக்கு ஜுரம் என்று தெரிந்தால், அந்த லைன் மொத்தத்துக்கும் பதினாலு நாள் லீவு. சம்பளம் கிடையாது. லைனில் முப்பத்தெட்டு பேர். அப்புறம் கம்பெனிக்காரர்கள் எதற்குக் காவல் காக்க வேண்டும்? ஒருத்தி தும்மினால் போதும், "எங்க வயித்துல அடிக்காதடி" என்று நாலு பக்கமும் குரல் வரும். ஜுரத்தைவிட ஜுரம் என்ற வார்த்தைக்குத்தான் எல்லோரும் பயந்தார்கள்.

கேட்டில் வாட்ச்மேன் துப்பாக்கி மாதிரி ஒன்றை நெற்றிக்கு நேராக நீட்டிச் சூடு பார்ப்பார். இறங்குவதற்கு முன்னால் ஈரத்துணியால் நெற்றியை ஒற்றிக்கொண்டால் சூடு கம்மியாகக் காட்டும். இதை வேனில் யாரோ கண்டுபிடித்து எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. நனைத்த துணி ஒன்று சீட்டுக்கு சீட்டு கைமாறும். நோய் வராதவளும் பயத்தில் ஒரு தடவை ஒற்றிக்கொள்வாள்.

ஒரு திங்கட்கிழமை சங்கீதாவுக்கு உடம்பு கொதித்தது. இரண்டு மாத்திரையை முழுங்கிவிட்டு வேன் ஏறினாள். பக்கத்தில் இருந்த பட்டம்மாள் அவள் கையைத் தொட்டுப் பார்த்தாள். பாட்டில் தண்ணீரில் தன் முந்தானையை நனைத்து அவள் நெற்றியில் அழுத்திப் பிடித்தாள்.

"பதறாத. கேட்ல சிரிச்சிக்கினு போ."

சங்கீதா சிரித்துக்கொண்டே போனாள். அந்த வாரம் முழுக்கப் போனாள்.

அடுத்த திங்கட்கிழமை பட்டம்மாள் கேட்டுக்கு வெளியே சுருண்டு விழுந்தாள். சூப்பர்வைசர் அந்தோணி பத்தடி தள்ளி நின்று கத்தினான்.

"யார்கிட்டேர்ந்து வந்துச்சு? லைன்ல எவளுக்கு ஜுரம்?"

பட்டம்மாள் சங்கீதாவின் பக்கம் திரும்பவே இல்லை. "லைன்ல ஒருத்திக்கும் இல்ல சார். அமிர்தி ஊர்ப் பக்கம் ஒரு சாவு. போய்ட்டு வந்தேன். கட்டிப் புடிச்சி அழுதேன்."

அப்படி ஒரு சாவு நடக்கவே இல்லை. ஆனால் அந்தோணிக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. ஆர்டர் தலைக்கு மேல் கிடந்தது; நோய் வெளியிலிருந்து வந்தது என்றால் லைனை மூட வேண்டியதில்லை. ஊர் சுற்றி நோய் வாங்கி வந்தவள் என்று பட்டம்மாளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். தெருவில் அவள் வீட்டு வாசலுக்குத் தகரம் அடித்தார்கள். மூன்று வாரம் உள்ளேயே கிடந்தாள். ஒரு நாள் சங்கீதா கஞ்சி எடுத்துக்கொண்டு தகரம் வரைக்கும் போனாள். எதிர்வீட்டில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். கஞ்சியோடு திரும்பி வந்துவிட்டாள். அந்தக் கஞ்சியை அவளே குடித்தாள்.

அன்று சாயங்காலம் சங்கீதா குழாயடிக்கு வந்தபோது பட்டம்மாளின் குடம் சாக்கடை ஓரம் உருண்டு கிடந்தது. பட்டம்மாள் பாதியாய் இளைத்திருந்தாள்.

"சாவுக்குப் போயி ஒப்பாரி வெச்சியே, அங்கயே தண்ணியும் புடிச்சிக்கினு வர்றது!" என்றாள் செல்லம்மாள். தெருவில் அவள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. இரண்டு பேர் சிரித்தார்கள்.

"டாக்டர் சீட்டு குடுத்துட்டாரு செல்லம்மா. எனக்கு இப்ப ஒண்ணும் இல்ல. எல்லாரும் புடிச்சப்புறம் கடைசியா புடிச்சிக்கிறேன்."

"சீட்டக் கரைச்சிக் குடி. கொழாய வுடு."

சங்கீதா குனிந்து சாக்கடை ஓரம் கிடந்த குடத்தை எடுத்தாள். அலசினாள். குழாய்க்கு அடியில் வைத்தாள்.

"அக்கா எந்தச் சாவுக்கும் போவல," என்றாள்.

"உனக்கு இன்னாடி தெரியும்?"

"ஜுரம் எனக்குத்தான் மொதல்ல வந்துச்சு. என்கிட்டேர்ந்துதான் அதுக்கு வந்துச்சு."

"வாய மூடு சங்கீதா!" பட்டம்மாள் பதறிப்போய்க் கத்தினாள். "இதுக்கு பைத்தியம் புடிச்சிருச்சி. யாரும் கேக்காதீங்க."

"இல்லக்கா, சொல்லிடறேன். ஒரு வாரம் ஜுரத்தோட தைச்சேன். இதே கொழாய்ல உங்க எல்லார் கொடத்தோட என் கொடத்தையும் வெச்சேன். செல்லம்மாக்கா, அந்த வாரந்தான் உன் பேரன இடுப்புல தூக்கி வெச்சிக்கினு வெளையாட்டு காட்டினேன். யாருக்கும் ஒண்ணும் ஆவல. யாரும் என்னைத் திட்டல."

குடம் நிறைந்து வழிந்தது. ஒருத்தி தன் குடத்தை இழுத்துக்கொண்டாள். பிறகு எல்லோரும் இழுத்துக்கொண்டார்கள். செல்லம்மாள் பேரனைக் கூப்பிட்டுக்கொண்டே வீட்டுக்கு ஓடினாள்.

பட்டம்மாள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"மூணு வாரம் தகரத்துக்குள்ள கெடந்தேன்டி," என்றாள் மெதுவாக. "அத்தனையும் வீணடிச்சிட்டியே."

சங்கீதா அழவில்லை. தன் குடத்தையும் நிரப்பிக்கொண்டு அவள் கூடவே நடந்தாள், தெரு பார்க்க.

மறுநாள் காலை ஆறே காலுக்கு வேன் வந்தது. குழாயடிப் பேச்சு ராத்திரியே அந்தோணியின் காதுக்கு எட்டியிருந்தது; சங்கீதாவை ஏற்ற வேண்டாம் என்று டிரைவருக்கு போன் செய்திருந்தான். பட்டம்மாளையும் திரும்பச் சேர்க்கவில்லை. லைனை மூடவில்லை. செல்லம்மாளின் மருமகள் பாரதி புதிதாக ஏறி, சங்கீதாவின் சீட்டில் உட்கார்ந்தாள்.