அர்த்தநாரி எங்கே விழுந்தார்?

அஸ்தம்பட்டியிலிருந்த அந்த மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டால் மட்டும் நோயாளி வீட்டுக்குப் போய்விட முடியாது. ரெக்கார்டு அறையிலிருக்கும் செல்வமேரி கேஸ் ஷீட்டின் ஓரத்தில் எண்களை எழுத வேண்டும். என்ன காயம் என்பதற்கு ஓர் எண். எப்படிப் பட்டது என்பதற்கு ஓர் எண். எந்த இடத்தில் நடந்தது என்பதற்கு இன்னோர் எண். எல்லாம் இரண்டு தடிப் புத்தகங்களில் இருந்தன. அவற்றைப் படித்துப் பழக அவளைச் சென்னைக்கு மூன்று மாதம் அனுப்பியிருந்தார்கள். அது எண்பத்தொன்றாம் வருஷம்.

"மாடு முட்டினாக்கூட உன் புத்தகத்துல நம்பர் இருக்காமே" என்று வார்டு சிஸ்டர் இன்னாசிமேரி அவளைக் கிண்டல் செய்வாள். இருந்தது என்பதுதான் உண்மை.

அன்று மதியம் வந்த கேஸ் ஷீட்டில் இரண்டு எண்களை எழுதிவிட்டாள். அர்த்தநாரி, வயது முப்பத்தாறு, புதுச்சத்திரம், விவசாயி. சைக்கிளில் போகும்போது தானாக விழுந்ததில் இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. டாக்டர் ஞானதாஸ் மாவுக்கட்டுப் போட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம் என்று எழுதியிருந்தார். மூன்றாவது எண்ணுக்குத்தான் வழியில்லை. எங்கே விழுந்தார் என்று யாரும் குறிக்கவில்லை. சாலை என்றால் ஓர் எண், தோட்டம் காடு என்றால் வேறு எண். ஷீட்டை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனாள்.

அர்த்தநாரி ஒருக்களித்து முழங்காலை மடக்கிப் படுத்திருந்தார். கால்மாட்டில் அவர் மனைவி வசந்தாமணி. ஜன்னலோரம் வசந்தாமணியின் தம்பி வேலுமணி. காலையில் வழியில் வந்த லாரியை நிறுத்தி அவரை ஏற்றி வந்தவன் அவன்தான்.

எந்த இடத்தில் விழுந்தீர்கள் என்று செல்வமேரி கேட்டாள்.

"தார் ரோட்டுலீங்க" என்றார் அர்த்தநாரி.

"சோளக்காட்டுத் தடத்துலீங்க" என்றான் வேலுமணி, அதே நொடியில்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தார் ரோடு என்றே எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு அர்த்தநாரி கண்ணை மூடிக்கொண்டார். அவர் நெற்றி வியர்த்திருந்ததைச் செல்வமேரி கவனித்தாள். காலையிலிருந்து தண்ணீர்கூட இறங்கவில்லை, குமட்டுகிறது என்கிறார் என்று வசந்தாமணி கவலையோடு சொன்னாள்.

எதையாவது ஒன்றை எழுதிவிட்டுப் போயிருக்கலாம். யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுத அவளுக்குக் கை வராது. வேலுமணியைத் தாழ்வாரத்துக்கு அழைத்தாள்.

அவன் முதலில் மழுப்பினான். பிறகு, "ஏனுங்க, இந்தக் காயிதம் போலீசுக்குப் போகுமுங்களா? எம்பட பேரு வருமுங்களா?" என்று கேட்டான்.

அப்போதுதான் அவன் முகத்தை அவள் சரியாகப் பார்த்தாள். புருவத்துக்கு மேல் அவனுக்கும் சிராய்ப்பு இருந்தது.

"வராதுங்க. எப்படி அடிபட்டதுன்னு எழுத எடமிருக்கு, எங்கேன்னு எழுத எடமிருக்கு. யார் மேல தப்புன்னு எழுத என் புத்தகத்துல எடமே கிடையாது."

அதைக் கேட்டதும் அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். கொட்ட ஆரம்பித்தான்.

கிணற்றுத் தண்ணீர் முறையில் வந்த தகராறில் இரண்டு குடும்பமும் ஆறு வருஷம் பேச்சில்லாமல் இருந்தன. வசந்தாமணி பிறந்த வீட்டு வாசலை மிதித்ததே போன மாதம்தான். உறவு விட்டுப்போகக் கூடாது என்று அர்த்தநாரியின் தங்கையை வேலுமணிக்குப் பேசி முடித்திருந்தார்கள். ஐப்பசியில் கல்யாணம். இன்று விடிந்ததும் ஆளுயரச் சோளத்துக்கு நடுவில் வண்டித்தடம் திரும்புகிற இடத்தில், சைக்கிளில் எதிரெதிரே வந்த மாமனும் மச்சினனும் மோதிக்கொண்டார்கள். வேலுமணி மோதினான் என்று தெரிந்தால் பெரியவர்கள் பழையதைக் கிளறுவார்கள் என்று, தானாக விழுந்ததாகச் சொல்லிவிடுவோம் என்றது அர்த்தநாரிதான். அக்காவுக்கும் தெரியாது.

"கைய ஊனி உழுந்தாருங்க. அதுக்கு முன்னால எம்பட ஹேண்டில்பாரு அவரு வயித்துல குத்திருச்சு. புடில ரப்பர் கூட இல்லீங்க, வெறும் இரும்பு."

செல்வமேரி ஷீட்டை மடித்துக்கொண்டு ஓடினாள்.

டாக்டர் ஞானதாஸ் வெளிநோயாளிகள் வரிசையை அப்படியே விட்டுவிட்டு வந்தார். பனியனைத் தூக்கினார். தொப்புளுக்கு மேலே சோடா மூடி அளவுக்கு ஒரு கன்றிய வட்டம். வயிறு பலகையாக இறுகியிருந்தது. வலிக்கிறதா என்று காலையிலேயே கேட்டோமே என்றார். வலித்தது, சொன்னால் எப்படி என்று கேட்பீர்களே என்றார் அர்த்தநாரி, பல்லைக் கடித்துக்கொண்டு.

குடலில் ஓட்டை. அடுத்த முக்கால் மணி நேரத்தில் அவரை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். வேலுமணி கதவையே பார்த்தபடி நின்றான். செல்வமேரி தன் அறைக்குப் போய் உட்கார்ந்தாள். நான்கு ஷீட்டுகளைப் பிரித்தாள், ஒன்றிலும் கண் ஓடவில்லை. திரும்பி வந்து வசந்தாமணியின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

ஐந்தரைக்குக் கதவு திறந்தது. ஓட்டையைத் தைத்தாகிவிட்டது, பிழைத்துக்கொள்வார் என்றார் டாக்டர். இது தெரியாமல் ஊருக்குப் போயிருந்தால் நாளை மதியம் தாண்டியிருக்க மாட்டார் என்பதையும் சொன்னார்.

வேலுமணி அக்காவின் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவள் கத்தித் தீர்க்கப்போகிறாள் என்று செல்வமேரி எழுந்து நின்றாள். வசந்தாமணி தம்பியின் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள்.

"ஒறவக் காப்பாத்தறோமுன்னு ரெண்டு பேரும் சேந்து எந்தாலியத் தொலைக்கப் பாத்தீங்களேடா" என்றாள். பிறகு முந்தானையால் தம்பியின் புருவத்துக் காயத்தைத் துடைத்தாள். "போ சாமி, மூஞ்சியக் கழுவீட்டு ஒரு டீயாச்சும் குடி."

செல்வமேரி ரெக்கார்டு அறைக்குப் போய்ப் தானாக விழுந்ததற்கான எண்ணை அடித்துவிட்டுப் புதியவற்றை எழுதினாள். சாலை அல்ல. காட்டுத் தடம். மிதிவண்டி மோதல். குடல் காயம். அன்று அவள் கையெழுத்து வழக்கத்தைவிடப் பெரிதாக விழுந்தது.

மூன்றாம் நாள் வார்டைக் கடந்து போகையில் உள்ளே பேச்சுக் குரல் கேட்டு எட்டிப் பார்த்தாள். அர்த்தநாரி மல்லாந்து படுத்திருக்க, வேலுமணி விசிறிக்கொண்டிருந்தான்.

"இனிமே அந்தத் தடத்துல வந்தா மணி அடிச்சிட்டு வா மாப்ள."

"அந்தச் சைக்கிளுக்கு மணியே இல்லீங் மாமா."

அர்த்தநாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையல் இழுக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். வரப்போகும் மாப்பிள்ளையை இன்னாசிமேரி கழுத்தைப் பிடிக்காத குறையாக வெளியே விரட்டினாள்.