ஜனவரிக்கான கட்டம்

…மழை என்று எழுதக் கூடாதாம், “தம்பி, மழையெண்டா ஒருத்தனும் வரமாட்டான், குளிர்ச்சியெண்டு போடு” என்கிறார் றிஸ்மி காக்கா, பொத்துவில் கடற்கரையில் பதினொரு அறைகளும் ஒரு ஜெனரேட்டரும் வைத்திருக்கும் என் முதலாளி, ஆகவே நிந்தவூருக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்து விடுதியின் இணையப் பக்கத்துக்கு மாதாமாதக் காலநிலை எழுதுகிறேன், பன்னிரண்டு கட்டங்கள், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பிரச்சினையும் இல்லை, சூரியன் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது, ஒக்டோபரில் ‘இதமான தூறல்’, நவம்பரில் ‘பசுமை’, டிசம்பரில் ‘தனிமை விரும்பிகளுக்கு’, அதாவது பாதை வெள்ளத்துக்குள் கிடக்கும், மின்சாரம் இருக்காது, சமையல்காரர் ஊருக்குப் போயிருப்பார்… ஜனவரிதான் நிரம்பவில்லை. ஒரு வெளிநாட்டுக்காரி கேட்டு எழுதியிருக்கிறாள், ஆறு வயது மகளோடு ஜனவரியில் வருகிறாளாம், மழை விட்ட நாட்களில் கடலில் குளிக்கலாமா என்று. “ஓம் எண்டு போடன், அதுக்கென்ன” என்றார் காக்கா. போடலாம்தான்.

இன்றைக்கு வாப்பாவின் வருடக் கத்தம், அஸர் தொழுகைக்கு முன் வீட்டில் நிற்க வேண்டும், லெப்பை வந்து யாசீன் ஓதுவார், பிறகு நெய்ச்சோறு. பிறைக் கணக்கு வருடத்துக்குப் பதினொரு நாள் முன்னால் நகர்வதால், ஜனவரியில் கடலுக்குப் போய்த் திரும்பாத மனிதருக்கு இந்த முறை ஜூலையில் ஓதுகிறோம், பதினாறு வருடமாக வாப்பா மாரியிலிருந்து கோடைக்கு மெல்ல மெல்ல நடந்து வந்திருக்கிறார், அறையே கிடைக்காத சீசனில் வந்து சேர்ந்திருக்கிறார்… முந்தியெல்லாம் கத்தமென்றால் மழை, முற்றத்தில் கட்டிய தறப்பாள் தண்ணீர் தேங்கித் தொப்பை போடும், நான் கம்பால் குத்துவேன், சோறு நனையும், எனக்கு அடி விழும். வாப்பாவை மழைதான் கொண்டுபோனது, இது எனக்கு யாரும் சொல்லித் தெரிந்ததா, எனக்கே தெரிந்ததா… அப்போது எனக்கும் ஆறு வயது, நினைவில் இருப்பது கடற்கரை நிறையக் கறுப்புக் குடைகள், குடைகளின் கீழ் கால்கள், எல்லாக் கால்களும் கடலைப் பார்த்து. அன்றிலிருந்து மழையோடு நான் கதைப்பதில்லை, கம்பஸில் மழை நாளில் விரிவுரைக்குப் போகாமல் படுத்துக் கிடப்பதற்கும் அதையே காரணமாகச் சொல்லியிருக்கிறேன், யாரும் மறுத்துப் பேச முடியாத காரணம்.

பஸ் ஒலுவிலைத் தாண்டும்போது உம்மாவின் அழைப்பு. “எங்க மகன் வாறாய்? லெப்பை வந்திருவாரு, மறுகா நீ சட்டி கழுவத்தான் வந்து சேருவாய்.” ஜனவரிக்கு ஒரு வரியாவது கிடைக்கட்டும் என்று சும்மாதான் கேட்டேன், வாப்பா போன அண்டைக்கு நல்ல மழைதானே உம்மா? கரண்டியைச் சட்டியில் தட்டும் சத்தம். “மழையா? ஆரு சொன்ன? அஞ்சு நாள் ஊத்திட்டு அண்டைக்குத்தான் வானம் வெளிச்ச. வெயிலெண்டுதானே மனிசன் தோணிய இறக்கின, கடல் இன்னும் அடங்கல்ல. மணல் சுடுகுதெண்டு நீயும் பின்னால துள்ளித் துள்ளி ஓடினாய்.” பிறகு, “மழ மறுநாள்தான் வந்த, தேடக்குள்ள.” பிறகு, “வரக்குள்ள தயிர்ச் சட்டி ஒண்டு வாங்கிட்டு வா.”

தயிர்ச் சட்டி, சரி… மணல் சுட்டதா, உள்ளங்காலைக் கேட்டுப் பார்க்கிறேன், அதற்கு ஒன்றும் தெரியவில்லை. குடைகள் தேட வந்தவர்களுடையவை. அப்படியென்றால் மழையும் தேட வந்த ஆட்களில் ஒன்றுதானா, பிந்தி வந்ததற்காகவா அதோடு இவ்வளவு காலம் முகத்தைத் திருப்பிக்கொண்டு… வெளியே கச்சான் காற்று புழுதியை அள்ளுகிறது, வானத்தில் ஒரு பொட்டு மேகமும் இல்லை, விளம்பரத்துக்கு எடுத்த படம் மாதிரி. காக்காவின் செய்தி வந்து நிற்கிறது, ‘ஜனவரி எங்க?’ ‘மழை விட்டதும் வரும் வெயில் மிக அழகானது’ என்று தட்டினேன், பொய்யில்லை, அழித்தேன். ‘மழை விட்ட நாளில் கடலில் இறங்க வேண்டாம்’ என்று தட்டி, காக்கா என்ன சொல்வார் என்று யோசிக்க முன் அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகுதான் தெரிந்தது, மடியில் வெயில் விழுந்து சுடுகிறது, பொத்துவிலில் ஏறியதிலிருந்தே சுட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறது.