214-ஆம் கொக்கி

ஜெர்மனியில் டோர்ட்மண்ட் பக்கத்துச் சுரங்கத்தின் உடைமாற்றும் கூடத்தில் எங்கள் துணிகள் கூரையில்தான் தொங்கும். கொக்கியில் மாட்டி, சங்கிலியால் மேலே ஏற்றிப் பூட்டிவிட்டுக் கரி வெட்ட இறங்குவோம். வேலை முடிந்து வந்ததும் அவரவர் துணியை அவரவர் இறக்கிக்கொள்வோம். 1964 பிப்ரவரியில் ஒரு மூட்டை மட்டும் மூன்று நாளாக இறங்கவில்லை. 214-ஆம் கொக்கி, ஜப்பான்காரன் நகாவோவுடையது. சுரங்கத்துக்குள் கூரை சரிந்து அவன் செத்தபோது அவனும் நானும் சேர்ந்துதான் வெட்டிக்கொண்டிருந்தோம். நான் இரண்டடி தள்ளி நின்றேன், அவ்வளவுதான்.

ஜப்பானியத் தொழிலாளர்களைப் படமெடுக்க டோக்கியோவிலிருந்து இஷிமுரா என்ற டைரக்டர் வந்திருந்தார். இருபத்தேழு படம் எடுத்தவர். கடைசி நான்கும் ஓடவில்லை. சிரித்துக்கொண்டு வேலை செய்கிற ஆட்களைக் காட்டு, இல்லாவிட்டால் இதுவே உனக்குக் கடைசிப் படம் என்று கம்பெனி சொல்லி அனுப்பியிருந்தது. அதை அவரே என்னிடம் சொன்னார். இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த ஜெர்மன்.

நகாவோவின் துணிகளை அவன் அம்மாவுக்கு அனுப்பவேண்டும். கூட்டாளி என்பதால் சாவி என்னிடம் வந்தது.

"நீ இறக்குவதைப் படமெடுக்கலாமா?" என்றார் இஷிமுரா.

"இதைப் போட்டால் உங்கள் வேலை போய்விடுமே."

"போகும்."

கோபாலன் என் காதருகே வந்தான். கோலாரில் எங்கள் அப்பன்மார் ஒரே ஷிப்டில் தங்கம் வெட்டியவர்கள். "ஒத்துக்காத உமாபதி. சினிமாக்காரன் இவன். சரியா வரலன்னா மறுபடி மேல ஏத்துன்னுவான். செத்தவன் சட்டை இன்னா ராட்டினமா?"

எனக்கும் அந்தப் பயம்தான். "ஒரு தடவைதான்," என்றேன். அவர் தலையை அசைத்தார்.

பூட்டைத் திறந்து சங்கிலியை விட்டேன். மூட்டை மெல்ல இறங்கியது. ஒரு சட்டை, கம்பளி பனியன், ஒரு ஜோடி செருப்பு. சட்டைப் பையில் பாதி சிகரெட் இருந்தது. பிறகு பிடிக்கலாம் என்று அணைத்து வைத்திருக்கிறான்.

காமிராக்காரன் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லிக் கூரையைக் காட்டினான். வெளிச்சம் போதவில்லை போலிருக்கிறது. கோபாலன் என்னைப் பார்த்தான். நான் சங்கிலியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

இஷிமுரா கையால் லென்சை மூடினார். "போதும்."

பிறகு என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். "சண்டைக் காலத்தில் ஒரு தாயைப் படமெடுத்தேன். மகனைப் பட்டாளத்துக்கு அனுப்புகிறாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பது தடவை சிரிக்கவைத்தேன். மகன் திரும்பி வரவில்லை."

நான் சட்டையை மடித்தேன். செருப்பைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தது அவர்தான்.

அடுத்த ஆண்டு அந்தப் படத்தை எங்கள் விடுதியில் போட்டார்கள். படத்தில் எல்லோரும் சிரித்தார்கள், நான்கூட ஒரு இடத்தில் சிரித்தேன். சங்கிலி இறங்கும் காட்சி இல்லை. டைரக்டர் என்று வேறு யார் பெயரோ வந்தது. ஏன் என்று ஜப்பான்காரர்களைக் கேட்டேன். கம்பெனியில் அந்தக் காட்சியை வெட்டச் சொன்னார்களாம், இஷிமுரா மாட்டேன் என்றாராம்.

214-இல் அதற்குள் ஒரு துருக்கிக்காரன் துணி மாட்டிக்கொண்டிருந்தான்.