ஒயின் ஷாப்பின் முகப்பு

ஜூன் 19, வியாழன்.

"இரு தரப்புப் படங்களையும் சரிபார்த்தேன்" என்று நேற்று எழுதியிருந்தேன். தவறு. கவியரசன் கொடுத்த மூன்றைத்தான் சரிபார்த்தேன். வெண்மதியின் படத்துக்குப் பார்க்காமலே டிக் போட்டுவிட்டேன்.

சனிக்கிழமை எங்கள் மாலை வகுப்புக்கு எம்.எல்.ஏ. வருகிறார். புத்தன்வெளி வாய்க்காலைக் கடைமடை வரை தூர் வாரிவிட்டதாக அவர் சொல்கிறார். என்னோடு படிக்கும் கவியரசன் அவர் கட்சி; வாரியாச்சு என்கிறான். இன்னொரு வகுப்புத் தோழி வெண்மதி எதிர்க்கட்சி, வாரவே இல்லை என்கிறாள். இருவர் ஆதாரத்தையும் சோதித்து, அவரிடம் கேட்க வேண்டிய கேள்வியை எழுதுவது என் வேலை. நான் எந்தக் கட்சியிலும் இல்லை என்பதால் வகுப்பெடுக்கும் சுவாமிநாதன் சார் என்னிடம் கொடுத்தார். அப்பாவின் வயல் அந்த வாய்க்காலின் கடைசியில்தான் இருக்கிறது. போன வருஷம் தண்ணீர் வராமல் நாற்று கருகியது. இந்த வருஷமும் விதை விட்டிருக்கிறார். இதை நான் சாரிடம் சொல்லவில்லை.

இன்று வகுப்புக்கு முன் கவியரசன் வந்தான்.

"ஏங்க ஜெயப்ரியா, எந்த போன், எத்தன மணி, பக்கத்துல நிக்கிற மாடு யாரோடதுன்னு என்னய மட்டும் குடைஞ்சீங்க. வெண்மதிகிட்ட என்ன கேட்டீங்க?"

"அவகிட்டயும் கேட்டேன்" என்றேன். இரண்டாவது தவறு.

அதன் பிறகுதான் பயம் வந்தது. வெண்மதியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வாய்க்கால் நிறைய ஆகாயத்தாமரை. அதற்கு அப்பால் தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் மதகு, மதகுக்குப் பின்னால் ஒயின் ஷாப். கடையின் பெயர்ப்பலகையைப் படிக்க முடிந்தது. அங்கேதான் உறைத்தது. அந்தக் கடை நம் யூனியன் பிரதேசத்து மண்ணில், தமிழ்நாட்டிலிருந்து எல்லை தாண்டிக் குடிக்க வருகிறவர்களுக்காகக் கட்டியது. முகப்பு அவர்களைப் பார்த்திருக்கும். நம் பக்கமிருந்து பார்த்தால் பின்சுவரும் காலி அட்டைப்பெட்டிகளும்தான். பலகை தெரிகிறதென்றால் வெண்மதி மதகைத் தாண்டி, தமிழ்நாட்டில் நின்று எடுத்திருக்கிறாள். அந்த ஆகாயத்தாமரைக்கு எங்கள் எம்.எல்.ஏ. பொறுப்பில்லை.

அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நாலடி அந்தப் பக்கம். வாய்க்கா ஒண்ணுதானடி?"

"'அது தமிழ்நாடும்மா'ன்னு ஒரே வரில முடிச்சிருவார். எல்லாரும் சிரிப்பாங்க. அப்புறம் தண்ணியப் பத்தி யாரு வாயத் தொறப்பா?"

"பலகைய வெட்டிட்டுப் போடு. யாருக்குத் தெரியும்?"

"தெரிஞ்சேதான் எடுத்தியா?"

"உங்கப்பா வயலுக்குத்தானடி அலையறேன். நீ யாரு பக்கம்?"

கவியரசன் படங்களைத் திரும்ப எடுத்தேன். மூன்றிலும் வாய்க்கால் சுத்தம். மூன்றிலும் ஓரத்தில் தார் ரோடு. அந்த ரோடு வாய்க்காலின் வளைவு வரைதான் கூட வரும்; வளைவைத் தாண்டிக் கடைமடைப் பக்கம் ஒரு படமும் இல்லை. நான் குறை தேடுவதால்தான் இது கண்ணில் படுகிறதா? மறுபடி பார்த்தேன். ரோடு அங்கேயேதான் இருந்தது.

இருவரையும் ஒன்றாக உட்கார வைத்தேன். வெண்மதி படத்துக்குப் போட்ட டிக்கை அவர்கள் முன்னால் கோடு போட்டு நீக்கினேன். அவளிடம் எதுவும் கேட்காததையும், அப்பாவின் வயலையும் சொன்னேன்.

கவியரசன் சிரித்தான். "மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல, நடுவரம்மா. அப்ப கேள்வி கேன்சலா?"

"வளைவுக்கு அந்தாண்ட ஏன் படம் எடுக்கல?"

"அங்க வண்டி போவாதுங்க."

"நடந்தா?"

அவன் சிரிப்பு நின்றது. வெண்மதி, "செருப்பக் கழட்டிட்டு வா, தலைவா" என்றாள்.

நாளை: காலை ஆறு மணிக்கு மூவரும் மதகில் சேர வேண்டும். நம் பக்கமிருந்து கடைமடை வரை நடை. நூறடிக்கு ஒரு இடம்; ஒவ்வொரு இடத்தையும் இருவர் போனிலும் எடுக்க வேண்டும். வாரியிருந்தால் வாரியிருக்கிறது என்றே எழுத வேண்டும். மாலையில், வகுப்புக்கு முன், சாரிடம் வயலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.